ஹஃப்மன் பெயர் பூண்ட பதிப்பு

வெளி மாநிலங்களில் நெடுங்காலமாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாழ்த்துத் தந்தியின் நினைவு எளிதில் அகலாது. ஊரில் அக்காள் மகளுக்குத் திருமணம். நம் தந்தையாருக்கோ விடுமுறை கிடைக்கவில்லை. அவர் தந்தி அலுவலகத்துக்குச் சென்றால், வாழ்த்து வாசகங்களின் பட்டியல் ஒன்றைக் காட்டுவார்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண் உண்டு. அவர் வேண்டிய எண்ணைக் குறித்துக் கொடுப்பார். கம்பிவழியே செல்வது அந்த எண்தான். மறுமுனையில் இருக்கும் அலுவலகம், தன்னிடமுள்ள அதே பட்டியலைப் பார்த்து, முழு வாசகத்தையும் அழகிய தாளில் பொறித்து மணவீட்டில் சேர்ப்பிக்கும். கட்டணம் குறைவு, வாழ்த்தில் குறைவில்லை. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தியத் தந்திச் சேவை முடிவுற்றது. ஆயினும் அந்தப் பட்டியலின் தத்துவம் முடிவுறவில்லை. நாம் கைப்பேசியில் கேட்கும் ஒவ்வொரு பாட்டும், காணும் ஒவ்வொரு படக்காட்சியும் அதே தத்துவத்தைக் கொண்டே நம்மை வந்தடைகின்றன.

அவ்வாறு ஒலியையும் காட்சியையும் சுருக்கி அனுப்பவும், வந்ததை மீண்டும் விரித்துக் காட்டவும் உலகெங்கும் பயன்படும் மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் எஃப்எஃப்எம்பெக். அதன் 8.0 என்னும் பதிப்பு 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் வெளியாயிற்று. பதிப்புகளுக்கு அறிஞர் பெயரைச் சூட்டுவது அதை ஆக்குவோரின் வழக்கம். 2016இல் வந்த 3.0 ஐன்ஸ்டைன் பெயரையும், 2018இல் வந்த 4.1 அல் குவாரிஸ்மியின் பெயரையும், 2024இல் வந்த 7.0 டைக்ஸ்ட்ராவின் பெயரையும் தாங்கின. 8.0 பதிப்பின் பெயர் ஹஃப்மன். அப்பெயருக்கு உரியவரின் கதையிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவதே முறையாகும்.

டேவிட் ஹஃப்மன் 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். கடற்படையில் பணியாற்றிய பின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். 1951ஆம் ஆண்டு அங்கே ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் மாணவருக்கு இரு வழிகளைக் காட்டினார்: இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது ஒரு சிக்கலுக்கு விடை கண்டு கட்டுரை எழுதித் தரலாம். எழுத்துகளை 0, 1 என்னும் இரு குறிகளாலேயே எழுதும்போது மிகக் குறைந்த இடத்தில் எழுதுவது எவ்வாறு என்பதே அச்சிக்கல். அதற்குச் சரியான விடையைப் பேராசிரியரே அப்போது கண்டறிந்திருக்கவில்லை. அச்செய்தி மாணவருக்குத் தெரியாது.

சிக்கலை நம் மொழியிலேயே விளக்கலாம். தமிழெழுத்துகள் 247. ஒவ்வொன்றுக்கும் ஒரே நீளமுள்ள குறி தருவதானால், எட்டு இடங்கள் வேண்டும். ஏனெனில் 0, 1 ஆகிய இரண்டையும் எட்டு இடங்களில் மாற்றி மாற்றி வைத்தால் 256 சேர்க்கைகள் கிடைக்கும். ஆனால் 'கு', 'து' போன்ற எழுத்துகள் பக்கத்துக்குப் பலமுறை வருகின்றன. 'ஞௌ' என்னும் எழுத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் எழுதியவர் எத்தனை பேர்? இரண்டுக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்குவது வீண் செலவு. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும், அரிதாக வருவதற்கு நீண்ட குறியும் தருவதே சிக்கனம். பேச்சுத் தமிழே இதைச் செய்திருக்கிறது: வா, போ, தா, நீ என நாளும் வழங்கும் சொற்கள் ஓரெழுத்தில் நிற்கின்றன.

ஃபானோ முதலியோர் எழுத்துகளின் பட்டியலை மேலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே சென்றனர். அவ்வழியில் சிக்கனம் கிட்டியது. முழுச் சிக்கனம் கிட்டவில்லை. பல மாதங்கள் முயன்று சலித்த ஹஃப்மன், குறிப்புகளைக் குப்பையில் எறிந்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கலாம் என்று எண்ணிய வேளையில் விடை தோன்றியதாகப் பின்னாளில் கூறினார். மரத்தை வேரிலிருந்து வரையாமல் இலையிலிருந்து வரைந்தார் அவர். மிக அரிதான இரு எழுத்துகளை எடுத்து ஒரு கிளையில் இணைக்க வேண்டும். இணைந்த அந்த இரண்டையும் இனி ஒன்றாகவே கொள்ள வேண்டும். மீண்டும் மிக அரிதான இரண்டைத் தேடி இணைக்க வேண்டும். இவ்வாறு இணைத்துக்கொண்டே போனால் இறுதியில் வேர் வந்து சேரும். வேரிலிருந்து ஒவ்வோர் இலைக்கும் செல்லும் பாதையே அவ்வெழுத்தின் குறி. ஓர் எழுத்தின் குறி மற்றோர் எழுத்தின் குறிக்குத் தொடக்கமாக அமையாது. ஆகவே இடையே இடைவெளியும் வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து குறி தரும் முறைகளில் இதனினும் குறுகியது இருக்க முடியாது என்பதையும் அவர் நிறுவினார். வானொலிப் பொறியாளர் கழகத்தின் ஆய்விதழில் அக்கட்டுரை 1952ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியாயிற்று. மாணவர் ஒருவர் தேர்வுக்கு மாற்றாக எழுதிய அக்கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது.

எழுத்துக்கு இது போதும். படத்துக்குப் போதாது. முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் 1,920க்கு 1,080 என்ற கணக்கில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட்டு, விநாடிக்கு 25 படம் என்று பெருக்கினால், ஒரு விநாடிக் காட்சிக்கு 15 கோடியே 55 லட்சம் பைட்டு வேண்டும். ஒரு மணி நேரத் திரைப்படம் ஏறத்தாழ 560 ஜிகாபைட்டாகும். அதனை அப்படியே சுமக்கத்தக்க கைப்பேசி இணைப்பு நம்மில் எவரிடமும் இல்லை.

இங்கே நம் நாட்டுத் தொடர்பு ஒன்று வருகிறது. பெங்களூரில் 1940இல் பிறந்த நாசிர் அகமது, அமெரிக்கா சென்று கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். படத்தை அதன் பருமையான மாற்றங்கள், நுண்மையான மாற்றங்கள் எனக் கணித வழியில் பிரித்தால், கண் பொருட்படுத்தாத நுண்மைகளை விலக்கிவிடலாம் என்று அவர் கருதினார். 1972இல் ஆராய்ச்சி நிதி வேண்டி விண்ணப்பித்தார். கருத்து மிகவும் எளியது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறித்தார், நிதி கிடைக்கவில்லை. அகமது பின்வாங்காமல் பணியைத் தொடர்ந்தார். தம் மாணவர் நடராஜனுடனும், டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. ஆர். ராவுடனும் சேர்ந்து 1974ஆம் ஆண்டு ஜனவரியில் அக்கணித முறையை வெளியிட்டார். இந்த ராவ், ஹஃப்மனின் கட்டுரை அச்சேறிய அதே 1952ஆம் ஆண்டில் சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பிற்காலத்தில் ஜேபெக் என்னும் நிழற்பட முறை அமைந்தபோது, நுண்மைகளை விலக்க அகமது குழுவினரின் முறையும், எஞ்சியதைக் குறுக்க ஹஃப்மனின் மரமும் அதில் ஒருங்கே இடம் பெற்றன. ஊரிலிருந்து கைப்பேசிக்கு வரும் திருவிழாப் படத்தில் இவர்கள் அனைவரின் உழைப்பும் அடங்கியுள்ளது.

1990களில் இம்முறைகள் பெருகின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சுருக்கும் முறையை வகுத்துக்கொண்டது. இம்முறைகளைக் கணினி உலகில் கோடெக் என்பார்கள். தந்திப் பட்டியலைச் சற்றே எண்ணிப் பாருங்கள்: அனுப்பும் ஊரில் ஒரு பட்டியலும் பெறும் ஊரில் வேறொரு பட்டியலும் இருந்தால், திருமண வாழ்த்து தேர்தல் வாழ்த்தாக மாறிவிடும் அன்றோ? கணினியிலும் அந்நிலையே ஏற்பட்டது. ஒரு நிறுவனத்தின் கோப்பைத் திறக்க அந்நிறுவனத்தின் மென்பொருளே வேண்டும். நிறுவனம் மறைந்தால் கோப்பும் ஊமையாகிவிடும்.

இந்நிலையில், 2000ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபப்ரீஸ் பெல்லார் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கினார். 1972இல் பிறந்த இவர், பள்ளி மாணவராக இருந்தபோதே, 1989இல், கணினி நிரல்களைச் சுருக்கும் கருவி ஒன்றை ஆக்கிப் பெயர் பெற்றவர். பின்னர், 2009ஆம் ஆண்டின் இறுதியில், மேசைக் கணினி ஒன்றைக் கொண்டே பை என்னும் எண்ணின் மதிப்பை 2 லட்சத்து 70 ஆயிரம் கோடி இலக்கங்கள் வரை கணித்தவர். இம்மென்பொருளை அவர் தம் சொந்தப் பெயரில் தொடங்காமல் ஜெரார் லாண்டோ என்ற புனைபெயரில் தொடங்கினார். பெயரின் முதற்பகுதியாகிய எஃப்எஃப் என்பது நாடாவை விரைந்து முன்னே ஓட்டும் பொத்தானைக் குறிப்பது. பிற்பகுதி காட்சிச் சுருக்கத்துக்கு நெறி வகுத்த எம்பெக் குழுவின் பெயர்.

அவர் மூலநிரலைப் பூட்டி வைக்கவில்லை. எவரும் அதைப் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்கினால், அத்திருத்தத்தையும் அவ்வாறே திறந்து வைக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடினர். நிறுவனங்கள் வெளியிடாத முறைகளை, கோப்புகளை ஆராய்ந்து ஆராய்ந்தே அறிந்து, அவற்றைத் திறக்கும் நிரல்களை எழுதினர். கல்வெட்டாய்வாளர் தேய்ந்த வரிகளைப் படிப்பதற்கு ஒப்பான வேலை அது. 2004 முதல் மைக்கேல் நீடர்மையர் என்பவர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

நாளடைவில் நூற்றுக்கணக்கான ஒலி, காட்சி வடிவங்களை அறிந்த மொழிபெயர்ப்பாளராக அது வளர்ந்தது. விஎல்சி என்னும் படக்காட்சிக் கருவி இதன் துணையால் இயங்குகிறது. கூகுள் குரோம் உலாவியின் உள்ளே இதன் பகுதிகள் உள்ளன. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாய்க் கோளில் இறங்கியபோது, இறங்கும் காட்சியைப் பதிவு செய்த கருவியிலும் இதுவே பணியாற்றியது. ஆனால் பயன்படுத்துவோர் பெரும்பாலும் இதன் பெயரை அறிவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நிலை புதிதன்று. அமைச்சரின் உரையைப் படிப்போர், அதைத் தமிழாக்கியவர் யார் என்று கேட்பதில்லையே!

இத்தகைய கூட்டு முயற்சிக்கும் பூசல் வந்தது. மாற்றங்களை ஏற்கும் முறை, தலைமையின் போக்கு ஆகியன பற்றிக் கருத்து வேறுபாடு முற்றி, 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பகுதியினர் பிரிந்து லிப்ஆவ் என்ற தனி மென்பொருளைத் தொடங்கினர். மூலநிரல் திறந்திருப்பதால் பிரிவதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்கள் பிரிந்தவர் பக்கம் சேர்ந்தன. நீடர்மையரோ, பிரிந்தவர்கள் எழுதிய மாற்றங்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுத்துத் தம் மென்பொருளில் இணைத்து வந்தார். உரிமம் அதற்கும் இடம் தந்தது. ஆகவே பிரிந்த வீட்டின் விளைச்சலும் பழைய வீட்டுக் களஞ்சியத்தில் சேர்ந்தது. 2015இல் டெபியன் மீண்டும் எஃப்எஃப்எம்பெக்குக்குத் திரும்ப முடிவு செய்தது. வெற்றி கிட்டிய அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நீடர்மையர் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். தாம் விலகினால் இரு சாராரும் ஒன்றுசேர்வது எளிதாகலாம் என்ற நம்பிக்கையை அவர் தெரிவித்தார். லிப்ஆவின் கடைசிப் பதிப்பு 2018இல் வந்தது. அதன் பின் அது நின்றுபோயிற்று. நீடர்மையர் தலைமையைத் துறந்தாரேயன்றிப் பணியைத் துறக்கவில்லை.

இத்தனை கடந்து வந்ததே 8.0 பதிப்பு. அதுகாறும் வந்தவற்றுள் மிகப் பெரிய பதிப்புகளில் ஒன்று என்று ஆக்கியோரே அறிவித்தனர். அதில் இரண்டு கூறுகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, பழமை பேணல். ஜி.728 என்பது 1992இல் வகுக்கப்பட்ட தொலைபேசிக் குரல் முறை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அம்முறையைத் திறக்கும் நிரலைப் புதிதாக எழுதி இப்பதிப்பில் சேர்த்திருக்கிறார்கள். விற்பனைக்காக இயங்கும் நிறுவனம் எதுவும் இதில் ஊதியம் காணாது. இரண்டாவது, விஸ்பர் என்னும் பேச்சறி கருவியோடு ஏற்பட்ட இணைப்பு. 2022இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர், பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது. அது அறிந்த மொழிகளுள் தமிழும் ஒன்று. எஃப்எஃப்எம்பெக் வழியே ஓடும் ஒலியை அது எழுத்தாக்கித் தரும். அந்த எழுத்தைத் திருத்தம் செய்ய மனிதர் வேண்டும் என்பதை நாம் தொழிலனுபவத்தால் அறிவோம். எனினும், வீட்டில் தமிழ் கேட்டும் எழுதப் படிக்க அறியாத பிள்ளைகள் வளரும் நம் குடும்பங்களில், பாட்டியின் பேச்சுக்குக் கீழே எழுத்தும் ஓடுவது சிறிய உதவியன்று.

பாட்டி என்றதும் நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. நாம் தில்லிக்கு வந்த தொடக்கத்தில், விடுமுறைக்கு ஊர் சென்றபோது, பாட்டியார் பாடிய தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். மூன்று நிமிடங்களுக்கும் குறைவு. பாட்டியார் மறைந்தார். கைப்பேசிகள் மாறின, கோப்பை மட்டும் கணினிக்குக் கணினி மாற்றி வைத்திருந்தோம். நம் மகளுக்குக் குழந்தை பிறந்த ஆண்டு அதைத் திறக்க முயன்றபோது, புதிய கைப்பேசி அக்கோப்பை அறியவில்லை. பழுது நீக்கும் கடைக்காரர் ஒருவர், கோப்பு கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் அன்று எவரும் அதிகம் பேசவில்லை. அண்டை வீட்டில் குடியிருந்த திருநெல்வேலி இளைஞர் செய்தி அறிந்து வந்தார். கோப்பு கெடவில்லை, குரலை மிகவும் சுருக்கி வைக்கும் பழைய கைப்பேசி முறையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கணினியில் எஃப்எஃப்எம்பெக்கை அழைத்து ஒரே ஒரு வரியைத் தட்டினார். இரண்டு விநாடிகள் சென்றன. பாட்டியார் இருமிவிட்டுப் பாடத் தொடங்கினார். அந்த இருமலை நாம் மறந்தே போயிருந்தோம்.

இப்படி ஒரு கோப்பு திறப்பதற்குப் பின்னே, முகமறியாத ஒருவர் ஊதியமின்றி எழுதிய நிரல் இருக்கிறது. அவர்களின் தோளில் ஏறும் சுமையோ பெரிது. 2025இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று, 1995இல் வந்த கணினி விளையாட்டின் காட்சியைத் திறக்கும் பகுதியில் பாதுகாப்புப் பிழை இருப்பதைக் கண்டு தெரிவித்தது. தன்னார்வலர்கள் அதைத் திருத்தினார்கள். ஆனால் பெரும் பொருள் படைத்த நிறுவனங்கள் பிழையைச் சுட்டுவதோடு நின்று, திருத்தும் வேலையை எம்மிடம் விடலாமா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். பழைய அறையின் உடைந்த சன்னல் வழியேயும் திருடன் நுழையலாம். ஆதலின் பிழையைச் சுட்டியதில் தவறில்லை. எனினும் அதே வீட்டில் குடியிருந்து பயன் துய்ப்பவர், தச்சருக்குக் கூலி தருவதும் கடமையே. இக்கடமையைச் சிலர் உணர்ந்துள்ளனர். 2024இல் ஜெர்மனி அரசின் நிதியமைப்பு ஒன்று உதவி வழங்கியது. எஃப்எஃப்எம்பெக்குக்கு ஓர் அரசு உதவியது அதுவே முதன்முறை. 2025இல் பெங்களூரைச் சேர்ந்த ஜெரோதா நிறுவனத்தின் ஃபிளாஸ் நிதி 1,00,000 டாலர் அளித்தது.

நேயர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் பழைய கைப்பேசியிலோ, குறுந்தகட்டிலோ, ஊர்க்குரல் ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். திறக்கவில்லை என்பதற்காக அதை அழித்துவிட வேண்டா. விவரமறிந்த இளைஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது திறக்கும். புதிய வடிவத்துக்கு மாற்றிய பின்னும் மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். சுருக்கியதை மீண்டும் சுருக்குந்தோறும் சிறிது சிறிதாக ஒலி தேயும். மொழிபெயர்ப்பிலிருந்து செய்யும் மொழிபெயர்ப்பு மூலத்தைவிட்டு விலகுவது போன்றது அது. நம் வீட்டில் பாட்டியாரின் குரல் இப்போது புதிய வடிவிலும் இருக்கிறது. பழைய கோப்பும் இருக்கிறது. பேரக்குழந்தை உறங்கும் வேளையில் நாம் ஒலிக்கவிடுவது புதிய வடிவத்தை. பேணி வருவது பழையதை.